அடிக்கு ஆயிரத்து ஐம்பத்தொரு ரூபாய்

ஆழிமுத்து வங்கியின் வாழைச்சேனைக் கிளையை நான் பழிவாங்கினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வாசித்துக்கொண்டு போகையில், "பாவம் மனுசன், தெரியாமல் செய்துவிட்டார்" என்று யாரும் எனக்காக இரங்க வேண்டியதில்லை. தெரிந்துதான் செய்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நானும் ஒன்றரை வருசம் பொறுத்துப் பார்த்தேன். பூமியின் உறுதிப் பத்திரம் வங்கியின் இரும்பு அலுமாரிக்குள் போனதுதான் மிச்சம்.

என் பெயர் யோகேஸ்வரன். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் படகு எஞ்சின் திருத்தும் வேலைத்தலம் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை எத்தனை பெரிய கொம்பனானாலும் கல்யாணம் முடித்தால் பெண் வீட்டில்தான் போய் இருப்பான். இருபத்தாறு வருசமாக நான் இருப்பதும் என் மனைவி தெய்வமணிக்கு அவளுடைய அம்மா எழுதிக் கொடுத்த வீட்டில்தான். அதை எங்கள் மகள் மேனுகாவின் பெயருக்கு எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கல்குடாப் பக்கம், நல்ல பிள்ளை. நாளும் குறித்தாயிற்று, ஆவணி பன்னிரண்டு.

மகளுக்கு ஒழுகுகிற வீட்டைக் கொடுக்க முடியுமா? கூரையை மாற்றி, பின்பக்கம் இரண்டு அறை கூட்டினேன். காசு போதவில்லை. டவுனில் ஒரு வங்கியின் கடன் அட்டையைத் தேய்த்தேன். நாலு இலட்சத்துப் பத்தாயிரம். வட்டி நூற்றுக்கு இருபத்தெட்டு.

அந்த நேரத்தில்தான் நிதுர்ஷன் வந்தான். ஆழிமுத்து வங்கியின் அட்டைப் பிரிவு உத்தியோகத்தர். புரட்டாசி வெயிலில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, வேலைத்தலத்து எண்ணெய்த் தரையில் சப்பாத்து வழுக்க வழுக்க வந்தான்.

"அங்கிள், உங்கட கடன் இப்ப எங்க இரிக்கி?"

"டவுனில இரிக்கி மனே."

"அங்க இருந்து என்ன செய்யிது?"

"குட்டி போடுது."

"அதான் பிழை. எங்கட வங்கிக்கு மாத்துங்க. ஆறு மாசத்துக்கு வட்டி பூச்சியம். ஒரு குட்டியும் போடாது."

மாற்றுக் கட்டணம் நூற்றுக்கு மூன்று, அதாவது பன்னீராயிரத்து முந்நூறு ரூபாய். பிறகு பதினாலு பக்கத்தில் ஒரு படிவம். எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. நான் கண்ணாடியைத் தேட, நிதுர்ஷன் என் கையைப் பிடித்துத் தடுத்தான்.

"நீங்க ஒண்ணும் வாசிக்கத் தேவல்ல அங்கிள். நானே இன்னும் வாசிக்கல்ல."

கையெழுத்து வைத்தேன். எண்ணெய் ஒழுகுகிற எஞ்சினை ஒரு படகிலிருந்து கழற்றி இன்னொரு படகில் பூட்டினால் ஒழுக்கு நிற்காது என்பது எனக்குத் தெரியும். அதற்குத்தான் ஊரில் எனக்குக் காசு தருகிறார்கள். இருந்தும் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

மாதம் பத்தாயிரம் கட்டினேன். நாலு மாதம் ஒழுங்காகப் போயிற்று. ஐந்தாம் மாதம் கட்டவேண்டிய கடைசி நாள் பௌர்ணமிப் போயா நாளாக வந்தது. புத்த சமய நாள் என்று நாடே விடுமுறை, வங்கியும் பூட்டு. வெளியில் காசு போடுகிற இயந்திரம் ஒன்று உண்டு. அதில் "தற்காலிகமாக இயங்காது" என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. தாள் வெயிலில் மஞ்சளாகி, எழுத்தே மங்கிப்போயிருந்தது. மறுநாள் காலை வங்கி திறக்கும் முன்னமே போய் நின்று கட்டினேன்.

ஒரு கிழமையில் கடிதம் வந்தது. ஒரு நாள் பிந்திவிட்டேனாம். ஆகவே பூச்சிய வட்டிச் சலுகை முதல் நாளிலிருந்தே இரத்தாம். பின்னோக்கிய வட்டி நாற்பத்தையாயிரத்து எழுநூறு, தாமதக் கட்டணம் இரண்டாயிரத்து ஐந்நூறு. நாலு இலட்சத்துப் பத்தாயிரத்தில் தொடங்கி, ஐம்பதாயிரம் கட்டி, நாலு இலட்சத்து இருபதாயிரத்து ஐந்நூறுக்கு முன்னேறியிருந்தேன்.

கிளை மனேஜர் அருமைநாயகத்தைப் போய்ப் பார்த்தேன். எங்கள் பக்கத்து மனுசன்தான், ஆரையம்பதி. நெற்றியில் திருநீறு, மேசையில் கண்ணகை அம்மன் படம். முகத்தைப் பார்த்தால் யாரும் உறுதியை நம்பிக் கொடுப்பார்கள். நானும் பிற்பாடு கொடுத்தேன்.

"சேர், கட்டவேண்டிய நாள் போயா. வங்கி பூட்டு. நான் எப்பிடிக் கட்டுற?"

"அதுக்குத்தானே யோகேஸ் அண்ணே ஒரு நாள் முந்திக் கட்டச் சொல்லியிரிக்கி."

"எங்க சொல்லியிரிக்கி?"

"பதினொராம் பக்கத்தில."

"அதில கடைசி நாள் எண்டு போயாவப் போட்டது ஆரு?"

"கொம்பியூட்டர். அதுக்குச் சமயம் கிடையாதுதானே." மனேஜர் சிரித்தார். "கவலப்படாதீங்க. உங்கட கடன வெள்ளி அட்டையில இருந்து எங்கட தங்க அட்டைக்கு மாத்துவம். மறுகா ஆறு மாசத்துக்கு வட்டியில்ல."

"இதே வங்கிக்குள்ளயா?"

"ஓம். மூண்டாம் கவுண்டரில இருந்து அஞ்சாம் கவுண்டருக்கு."

மாற்றுக் கட்டணம் பன்னீராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. மூன்றாம் கவுண்டருக்கும் ஐந்தாம் கவுண்டருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று காலால் அளந்து பார்த்தேன். பன்னிரண்டு அடி. அடிக்கு ஆயிரத்து ஐம்பத்தொரு ரூபாய் இருபத்தைந்து சதம். வாழைச்சேனையிலிருந்து கொழும்புக்கு ஒரு முழு எஞ்சினை லொறியில் ஏற்றி அனுப்ப எட்டாயிரந்தான் கேட்கிறார்கள்.

"அந்தக் கடன நானே தூக்கிக்கொண்டு போய் அஞ்சில வைக்கிறன் சேர். கட்டணத்த விட்டுருங்க."

"அதுக்குக் காப்புறுதி இல்லயே அண்ணே" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை.

தங்க அட்டை சும்மா கையில் தந்துவிடும் சாமான் அல்ல. அதற்கு ஒரு வைபவம் உண்டு. குத்துவிளக்கு ஏற்றினார்கள். எனக்கும் இன்னும் ஏழு பேருக்கும் மஞ்சள் பட்டுத் துண்டு போர்த்தினார்கள். அட்டை வடிவத்தில் கேக் வெட்டினோம். என் பங்குக்கு வந்த துண்டில் பூச்சியம் இருந்தது. பிறகு மனேஜர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! கடனைக் கட்டி முடிப்பவர் தம் வாழ்வில் ஒரேயொரு நாள்தான் மகிழ்கிறார். கடனை மாற்றுகிறவரோ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மகிழ்கிறார். மக்களின் மகிழ்ச்சியை எங்கள் வங்கி இவ்வாறு காலாகாலத்துக்கும் திட்டமிட்டு வைத்திருக்கிறது. எல்லோரும் கடனைக் கட்டி முடித்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அப்படியொரு கெட்ட காலம் இந்தப் பிரதேசத்துக்கு வரக்கூடாது என்று நான் நாள்தோறும் அம்மனை வேண்டிக்கொள்கிறேன்!"

கை தட்டினோம். தட்டாவிட்டால் அதற்கும் ஏதாவது கட்டணம் இருக்குமோ என்று பயம்.

தங்கத்துக்குப் பிறகு வைரம். அதே பன்னிரண்டு அடி, இந்த முறை எதிர்த்திசையில். இரண்டிலும் அந்தப் பதினாலு பக்கத்தில் ஏதோ ஒரு பக்கம் சலுகையை இரத்தாக்கியது. வைரத்தின் ஆறு மாதமும் முடிந்தபோது கடன் நாலு இலட்சத்து அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. வைரத்துக்கு மேல் அவர்களிடம் அட்டை இல்லை. "ஒருங்கிணைப்புக் கடன்" என்று ஒன்று இருக்கிறதாம். எல்லாவற்றையும் ஒரே கடனாக்கி, அரைவாசி வட்டிக்குத் தருவார்களாம்.

"அதுக்கு வீட்டு உறுதிய மட்டும் ஒருக்காப் பார்வைக்குத் தாங்க அண்ணே. பார்த்திட்டுத் தாறம்."

"வீடு என்ட இல்ல சேர். பொஞ்சாதிட."

"அக்காவக் கேளுங்க. உறுதி எங்கட அலுமாரியில இருந்தா நீங்க நிம்மதியா உறங்கலாம்தானே."

தெய்வமணி பெட்டியைத் திறந்து, கூறைச் சேலைக்குள் சுற்றி வைத்திருந்த உறுதியை எடுத்துவந்து தந்தாள். பக்கங்களை ஒரு தரம் எண்ணினாள். நாலு ஏச்சு ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் போயிற்று. கடனும் வரவில்லை, உறுதியும் வரவில்லை. மனேஜரிடம் போனேன்.

"கோப்பு கொழும்பில அண்ணே."

"உறுதி?"

"உறுதி இஞ்சதான். பத்திரமா இரிக்கி."

"அப்ப உறுதியத் தாங்க. எனக்குக் கடனே வேணாம்."

"கோப்பு கொழும்பில இருக்கக்குள்ள உறுதிய எப்பிடித் தாற? கோப்பு வந்து உறுதி எங்க எண்டு கேட்டா நான் என்ன சொல்லுற?"

வைகாசியில் மாப்பிள்ளையின் தாய் வந்து தேத்தண்ணி குடித்தார். எழும்பும்போது மெதுவாகக் கேட்டார்: "மச்சாள், உறுதி எழுதியாச்சா?" தெய்வமணி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். எல்லாச் சனியனும் அந்தக் கூரையில்தானே தொடங்கியது. அன்றைக்குத்தான் நல்ல மனுசனாக இருப்பதை விட்டேன்.

ஆனி மாதக் கடைசியில் வங்கியின் ஜெனரேட்டர் நின்றுபோயிற்று. ஆடியில் "கடன் விடுதலைப் பெருவிழா" வைக்கப் போகிறார்கள், கொழும்பிலிருந்து பிராந்தியத் தலைவர் வருகிறார், கரண்ட் போனால் மானம் போய்விடும். வாழைச்சேனையில் அந்த எஞ்சினைத் தொடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆள் அனுப்பினார்கள். போனேன். பம்ப்பைக் கழற்றி, நொசில் மாற்றி, இரண்டு நாள் நின்று ஓடப்பண்ணினேன். பில் எண்பத்தாறாயிரத்து நானூறு.

"பில்லத் தாங்க, கொழும்புக்கு அனுப்புறன். தொண்ணூறு நாளில வரும்" என்றார் மனேஜர்.

"என்ட கடனில கழிச்சு விடுங்களன்."

"ஐயையோ! கடன் பிரிவும் பராமரிப்புப் பிரிவும் முகம்பார்த்துக் கதைக்கிறதே இல்ல அண்ணே."

"சரி சேர். அப்ப நாளைக்கு முறையான பில் கொண்டாறன்."

மேனுகா கொமினிகேசன் கடை ஒன்றில் தட்டச்சு வேலை செய்கிறாள். வங்கியின் பதினாலு பக்கப் படிவத்தை அவளிடம் கொடுத்தேன். "வங்கி" என்று வருகிற இடத்தில் "யோகேஸ்வரன் எஞ்சின் வேலைத்தலம்" என்று போடு, "வாடிக்கையாளர்" என்று வருகிற இடத்தில் "வங்கி" என்று போடு, மற்றதில் ஒரு எழுத்தும் மாற்றாதே என்றேன். கட்டவேண்டிய கடைசி நாளாக ஆடிப் போயாவைப் போடச் சொன்னேன்.

"அப்பா, இத அவர் வாசிச்சா?"

"இத எழுதினவனே வாசிக்கல்ல மகள்."

மனேஜர் கையெழுத்து வைத்து முத்திரையும் குத்தினார். "நல்ல ஒழுங்கா அடிச்சிரிக்கீங்களே" என்று பாராட்டினார். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்றும் சொன்னார்.

ஆடிப் போயா வந்தது, போனது. ஒரு சதமும் வரவில்லை. மறுநாள் கணக்குப் போட்டேன். பில் 86,400. ஒரு மாத வட்டி, நூற்றுக்கு இருபத்தெட்டுப்படி, 2,016. தாமதக் கட்டணம் 2,500. பிறகு பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். "நிலுவையை முன்னறிவித்தல் இன்றி எந்தவொரு மூன்றாம் தரப்புக்கும் மாற்றும் உரிமை உண்டு." மாற்றுக் கட்டணம் நூற்றுக்கு மூன்று, 2,592. மொத்தம் தொண்ணூற்று மூவாயிரத்து ஐந்நூற்றெட்டு. அதை எடுத்துக்கொண்டு சீதேவிப்பிள்ளையிடம் போனேன்.

சீதேவியக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. துறைமுகத்தில் மீன் மொத்த வியாபாரம். இரண்டு படகு சொந்தமாக ஓடுகிறது, பத்துப் படகுக்குக் காசு கொடுத்திருக்கிறார். இதுவரை ஒரு சதம் தப்பியது கிடையாது. கத்தமாட்டார், வழக்குப் போடமாட்டார். கடன்காரன் வாசலில் போய்க் குந்தி, "எப்ப மனே தருவாய்?" என்று கேட்பார். அதற்கும் தராவிட்டால் வாசல் மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, அம்மன் பெயரைச் சொல்லித் தூற்றுவார். முப்பது வருசத்தில் ஒரே ஒரு தரம் தூற்றியிருக்கிறார். அந்த வீட்டில் இன்றைக்கும் ஆள் இல்லை.

"கடன எனக்கு வித்துட்டியா தம்பி?" என்று கேட்டார்.

"விக்கல்ல அக்கா. மாத்தினான்."

விசயத்தைச் சொன்னேன். உறுதி என்றதும் மீன் கத்தியைக் கீழே வைத்தார். பெண்ணுடைய வீட்டு உறுதியை ஒருவன் பிடித்து வைத்திருப்பதை எங்கள் பக்கத்துப் பெண்கள் கேட்டுக்கொண்டு இருக்கமாட்டார்கள். "காசு எனக்கு, உறுதி உன்ட பொஞ்சாதிக்கு. விழா எண்டைக்கு?" என்றார்.

விழாவுக்கு வைர வாடிக்கையாளன் என்று என்னைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். தெய்வமணியைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருந்தேன். நான் திருத்திய ஜெனரேட்டர் பின்னால் நன்றாக ஓடியது. பிராந்தியத் தலைவர் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசினார்.

"கடந்த ஆண்டில் இந்தக் கிளையின் மக்கள் தங்கள் கடன்களை மூவாயிரத்து நாற்பது தடவைகள் இடம் மாற்றியிருக்கிறார்கள். இது தேசிய சாதனை! கடனை முழுவதாகக் கட்டி வெளியேறியவர்கள் இருவர் மட்டுமே. அந்த இருவர் விடயத்தில் எங்கே தவறு நடந்தது என்று விசாரணை நடத்தி வருகிறோம்."

கைதட்டலுக்குள் சீதேவியக்கா வந்தார். இடுப்பில் மீன் கூடை. ஒழுங்கு தவறாமல் இயந்திரத்தில் இலக்கச் சீட்டு எடுத்து, கூடையைக் கம்பளத்தில் இறக்கி, அதன் பக்கத்தில் குந்தினார். குளிரூட்டிய காற்றில் சூரை மீன் வாசம் மேடை வரைக்கும் போயிற்று. மனேஜர் ஓடிவந்தார்.

"என்ன அம்மா வேணும்?"

"கடன் கேட்டு வந்தன் மனே. தொண்ணூத்து மூவாயிரத்து அஞ்ஞூத்தி எட்டு."

மனேஜர் தாளை வாங்கிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் அந்தப் பதினாலு பக்கத்தையும் முதன்முதலாக வாசித்தார் என்று நினைக்கிறேன். வாசிக்க வாசிக்க வேர்த்தது.

"இது... இது அநியாயமான நிபந்தனை!"

"உங்கட படிவந்தான் சேர்" என்றேன். "ஒரு எழுத்தும் மாத்தல்ல."

"கொழும்புக்கு அனுப்பி, தொண்ணூறு நாளில..."

"கொழும்ப எனக்குத் தெரியா மனே" என்றார் சீதேவியக்கா. "உன்ட கையெழுத்தத் தெரியும். எப்ப தருவாய்?"

மனேஜர் மேடையைத் திரும்பிப் பார்த்தார். அக்கா எழும்பினார். வாசலுக்குப் போனார். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினார். தலையை ஒரு உதறு உதற, கொண்டை அவிழ்ந்து விழுந்தது.

முதலில் சப்பாத்தைக் கழற்றியவன் நிதுர்ஷன். பிறகு காசாளர்கள் ஒவ்வொருவராகக் கவுண்டருக்குப் பின்னால் எழும்பி நின்றார்கள். காவலாளி தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"அருமைநாயகம், அந்த அம்மா என்ன செய்கிறார்?" என்று பிராந்தியத் தலைவர் கேட்டார். அவர் கொழும்பு ஆள்.

"மண் அள்ளிற்றா சேர்."

"அதனால்?"

"இனித் தூத்துவா சேர்."

"தூற்றினால் என்ன? அதற்குச் சுற்றறிக்கை இருக்கிறதா?"

"சேர்," என்றார் மனேஜர், "எனக்கும் பிள்ளைகள் இரிக்கி சேர்."

வங்கியின் காசை எடுக்க மூன்று கையொப்பம் வேண்டும், அதில் ஒன்று கண்டியில் லீவில் நின்றது. மனேஜர் தன் சொந்த வைர அட்டையை எடுத்துக்கொண்டு வெளியில் இருக்கிற காசு எடுக்கும் இயந்திரத்துக்கு ஓடினார். இந்த இயந்திரம் ஒருநாளும் பழுதாவதில்லை. அட்டையில் காசு எடுத்தால் ஒவ்வொரு தரமும் தனிக் கட்டணம், வட்டி அந்த நிமிசத்திலிருந்து. நாற்பதாயிரம், நாற்பதாயிரம், பதினாலாயிரம் என்று மூன்று தரம் எடுத்தார். ஒவ்வொரு தரமும் இயந்திரம் "நன்றி" என்று சொன்னது. என் காதுக்குள் தேன் பாய்ந்தது, பொய் சொல்லவில்லை.

அக்காவின் இரண்டு கையிலும் மண். காசை நான் வாங்கி எண்ணி, மிச்சம் நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாயை மனேஜரிடம் கொடுத்தேன்.

"அந்தப் புள்ளட உறுதியையும் எடு" என்றார் அக்கா.

பிராந்தியத் தலைவர் திடுக்கிட்டார். "அனுமதிக்காத கடனுக்கு உறுதி ஏன் இங்கே இருக்கிறது?"

"நீங்கதானே சேர் சுற்றறிக்கை அனுப்பின. உறுதி கையில இருந்தா ஆக்கள் வேற வங்கிக்குப் போகமாட்டாங்க எண்டு."

கூட்டம் முழுக்கக் கேட்டது. தலைவர் ஒலிவாங்கி இன்னும் வேலை செய்கிறதா என்று குனிந்து பார்த்தார். செய்தது. கரண்ட் என் ஜெனரேட்டருடையது.

உறுதி வந்தது. தெய்வமணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஆவணி பிறக்க இன்னும் ஒரு கிழமை இருந்தது, எழுதி முடிக்க அது காணும். என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அட்டைக் கடன் கழுத்தில்தான் கிடந்தது. அதை இரண்டு எஞ்சின் கூடுதலாகத் திருத்திக் கட்டிக்கொள்ளலாம்.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். சீதேவியக்கா மட்டும் அசையவில்லை.

"தம்பி யோகேசு, இந்த மண்ண என்ன செய்ய? அள்ளின மண்ணச் சும்மா கொட்டினா அள்ளினவள்ட வீட்டு வளவுக்கே திரும்பும் எண்டு சொல்லுவாங்க. நான் ஆத்தில கொண்டுபோய்க் கரைக்கலாம். நீ சொல்லு."

மனேஜர் என் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். "யோகேஸ் அண்ணே, எல்லாம் தந்திட்டம்தானே. ஆத்தில கரைக்கச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அந்த மனுசன் அழுதுகொண்டிருந்தார். என்ன இருந்தாலும் எங்கள் பக்கத்து மனுசன். எனக்கும் மனம் இளகிவிட்டது என்பதை மறைக்கப் போவதில்லை. சரி அக்கா, ஆத்துக்குக் கொண்டுபோங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இஞ்சேருங்க" என்றாள் தெய்வமணி.

அவள் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நாலாம் பக்கத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவளுடைய அம்மாவுக்கு எழுதத் தெரியாது. மகளுக்கு வீட்டைக் கொடுத்தபோது அந்தப் பக்கத்தில் பெருவிரலைத்தான் பதித்திருந்தார். அந்த அடையாளத்தின் மேலே யாரோ தேத்தண்ணிக் கோப்பையை வைத்து எடுத்திருந்தார்கள். வட்டமாகக் கறை. ஒரு நாள் வைத்ததல்ல, மூன்று நாலு வட்டம்.

நான் மனேஜரைப் பார்த்தேன். அவர் தன் மேசைப் பக்கம் பார்த்தார்.

"அக்கா," என்றேன், "போடுங்க."

சீதேவிப்பிள்ளை அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டு கையையும் விரித்தார்.